வைக்கோல் கிழவனின் உயில்

தம்பி,

இதை ஆறுதலாக இருந்து வாசி. வேலைக்குப் போகிற அவசரத்தில் பிரித்துவிடாதே. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்பது எனக்குத் தெரியும், அதற்காகவே கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். முதலில் வாட்சப்பில் பேசி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று தரம் தொடங்கினேன். மூன்று தரமும் "சாப்பிட்டியோ" என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் வராமல் அழித்துவிட்டேன். இத்தாலியனில் எழுதவும் யோசித்தேன். அந்த மொழியில் இத்தனை வருடமாக நான் மன்னிப்புக் கேட்ட இடமெல்லாம் விசா புதுப்பிக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவின் யன்னலும், வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராமாரின் சமையலறையும்தான். பெற்ற மகனிடமும் அதே சொற்களோடு வந்து நிற்க மனம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அந்த மலை ஊரில் இருந்து தொலைபேசியில் கேட்டாய். "அப்பா, சலூன் தூரிக்கு இப்ப கை நடுங்குது, எழுத ஏலாதாம். இந்த வருசக் கார்னெவாலேக்கு வைக்கோல் கிழவன்ரை உயிலை என்னை எழுதச் சொல்லிக் கேட்கினம். நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. நீங்கள் என்ன நினைக்கிறியள்?" நான் என்ன சொன்னேன்? "அங்கை குளிரோ?" என்று கேட்டேன். நீ, "ஓம், குளிர்தான்" என்றாய். "அம்மாட்டைக் குடுக்கிறன்" என்று கையைக் கழுவிவிட்டேன். அம்மா உன்னோடு கதைத்து முடித்துவிட்டு வந்து என்னைப் பார்த்த பார்வையை நீ காணவில்லை. "இருபத்தெட்டு வயசுப் பிள்ளை உங்களிட்டை உத்தரவு கேட்குது. நீங்கள் குளிரைப் பற்றிக் கதைக்கிறியள்" என்றாள். பதில் சொல்லாமல் இருப்பதில் உன் அப்பாவை மிஞ்ச இந்தப் பலெர்மோ நகரத்தில் ஆள் கிடையாது.

இப்போது காலை பத்து மணி. நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் வாசல் அறையில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்து இதை எழுதுகிறேன். தபால்காரன் வந்து போய்விட்டான். மூன்றாம் மாடிச் சிஞ்ஞோரா லிஃப்ட் சத்தம் போடுகிறது என்று இரண்டு தரம் முறைப்பாடு சொல்லிவிட்டாள். இடையில் யாராவது வந்தால் எழுந்து போய்த்தான் வருவேன், எழுத்து அங்கங்கே வெட்டி வெட்டி வரும், பொறுத்துக்கொள். உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். அதைச் சொல்ல எனக்குப் பதினேழு வருடம் பிடித்திருக்கிறது.

அந்த மலை ஊருக்கு நாங்கள் போனபோது உனக்கு ஐந்து வயது. நாங்கள் வேலைக்குப் போன வீட்டுக்காரர் டோன் பெப்பேக்கு எண்பது. அவருடைய பிள்ளைகள் மிலானோவில் இருந்தார்கள்; ஒலிவ் தோட்டத்தைப் பார்க்க ஒரு ஆணும், வீட்டையும் அவரையும் பார்க்க ஒரு பெண்ணும் வேண்டும் என்று கேட்டார்கள். பலெர்மோவில் ஒரு அறையில் ஏழு பேரோடு இருந்த எங்களுக்கு அது பெரிய காரியம். ஊரில் முதல் தமிழர் நாங்கள்தான், கடைசித் தமிழரும் நாங்கள்தான். முதல் கார்னெவாலேத் திருவிழா உனக்கு நினைவிருக்காது. ஊர்ச்சபைக் கந்தோரான முனிச்சிப்பியோவின் மாடியில் ஒரு கதிரையைப் போட்டு, பழைய கோட்டும் தொப்பியும் மாட்டி, வைக்கோல் அடைத்த கிழவனை ஒரு கிழமையாக இருத்தி வைத்திருந்தார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் அவனுக்கு வணக்கம் சொன்னான். கடைசி நாளான செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவனைப் பாடையில் கிடத்தி, மீசை வைத்த ஆம்பிளைகள் கறுப்புச் சேலை மாதிரி ஏதோ சுற்றிக்கொண்டு மார்பில் அடித்து அழ, தெருத் தெருவாகத் தூக்கி வந்தார்கள். அம்மா யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஆருடைய செத்தவீடு?" என்று கேட்டாள். எல்லாம் பகிடி என்று டோன் பெப்பே விளக்கிய பிறகும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. பாடை வாசலைக் கடந்து போனதும் தலை முழுகினாள். நீ, கிழவனைக் கொளுத்தியபோது உண்மையாகவே அழுதாய். "தாத்தாவை எரிக்க வேண்டாம்" என்று என் காலைக் கட்டிப்பிடித்தாய்.

இரண்டாம் வருடம் நீ அழவில்லை. மூன்றாம் வருடம் பாடைக்குப் பின்னால் போய் மார்பில் அடித்தாய். ஆறாம் வருடம் வரும்போது நீ எங்கள் பிள்ளையா அந்த ஊர்ப் பிள்ளையா என்று எனக்கே சந்தேகம். மீன் வண்டிக்காரன் கூவுவதை நீ கூவினால் பெண்கள் கோப்பையோடு வெளியே வந்துவிடுவார்கள். பாதிரியார் இருமுவது, டோன் பெப்பே மூக்குக் கண்ணாடியைத் தேடுவது, நான் சிஞ்ஞோராமாருடன் இத்தாலியன் கதைக்கத் திணறுவது, எல்லாம் செய்து காட்டுவாய். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன், ஆனால் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

உயிலைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று நான் அதை என்னவாக விளங்கிக்கொண்டேன் என்று நீ அறிய வேண்டும். கிழவனை எரிக்க முன்னம் சலூன் தூரி காகிதத் தலைமயிர் வைத்து, கறுப்பு அங்கி போட்டு, உயில் எழுதும் நொத்தாரிசு வேடத்தில் தேவாலயப் படியில் ஏறி நின்று, சாகப்போகிற கிழவன் ஊராருக்கு என்னென்ன விட்டுப் போகிறான் என்று வாசிப்பான். பாணின் நிறையைக் குறைக்கும் பேக்கரிக்காரனுக்கு ஒரு தராசு. பூசையை நீட்டும் பாதிரியாருக்கு ஒரு கடிகாரம். யாருக்கு எதை விட்டானோ அதை ஒரு கயிற்றில் கட்டி, அந்த ஆளின் கழுத்தில் போடுவார்கள். போட்டவுடன் சனம் கைதட்டும். பேக்கரிக்காரன் தராசோடு ஊர் முழுக்கச் சுற்றுவான். எனக்கு அது விளங்கவே இல்லை. நாலு பேருக்கு முன்னால் குறையைச் சொல்கிறார்கள், இவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறானே என்று நினைப்பேன்.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து கேட்டாய். "அப்பா, எல்லாற்றை அப்பாமாரின்றை பேரும் உயிலிலை வருது. உங்கடை பேர் ஏன் வரேல்லை?" நான் தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். "எங்களுக்கு ஏன் உந்தக் கூத்து? மரியாதையாய் இருந்திட்டுப் போவம்" என்றேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வேறொன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் செவ்வாய்க்கிழமை, நான் சனத்துக்குப் பின்னால் டோன் பெப்பேயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூரி ஏதோ வாசித்தான். "தமிழ்" என்ற சொல் காதில் விழுந்தது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். மிச்சம் சிசிலியன், எனக்குப் பிடிபடவில்லை. வழி விட்டார்கள். நான் என்ன ஏது என்று விளங்காமலே முன்னுக்குத் தள்ளுப்பட்டுப் போனேன். ஒரு முகமூடிக்காரன் வந்து என் கழுத்தில் கயிறு போட்டான். குனிந்து பார்த்தேன். இரண்டு பழைய செருப்பு.

தம்பி, உனக்கு அப்போது பதினொரு வயது. நீ பார்த்த உலகம் அந்த மலை மட்டும்தான். செருப்பு மாலை என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லித் தரவில்லை, யாரும் பிள்ளைக்குச் சொல்லித் தருகிற விஷயமும் அல்ல. எனக்குத் தெரியும். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எங்கள் சந்தையில் ஒரு மனிதனைச் சைக்கிள் திருடினான் என்று பிடித்து, செருப்பைக் கோத்துக் கழுத்தில் போட்டு றோட்டு நீளத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பின்னால் கைதட்டிக்கொண்டு ஓடிய பெடியங்களில் நானும் ஒருவன். இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த மனிதன் அழவில்லை, நிலத்தைப் பார்த்தபடி நடந்தான். சைக்கிள் பிறகு உடையவனின் தம்பி வீட்டிலேயே இருந்தது. அதற்குள் அந்த மனிதன் பெண்சாதி பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போய்விட்டான். எங்கே போனார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. செருப்பு மாலை விழுந்தவன் ஊரில் இருக்க மாட்டான், போய்விடுவான். ஒன்பது வயதில் என் மண்டையில் ஏறியது அதுதான்.

அதனால்தான் அன்று எனக்குக் கண் இருண்டது. நானூறு பேர் கைதட்டுகிறார்கள், என் கழுத்தில் செருப்பு. கயிற்றை அறுத்து ஒரு செருப்பைத் தூரியின் முகத்தில் எறிந்தேன். அவனுடைய கையிலிருந்த உயிலைப் பறித்துக் கிழித்தேன். தமிழில் என்னென்னவோ தூசணம் சொன்னேன், நல்லகாலம் உன்னையும் அம்மாவையும் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை. மேளம் நின்றுவிட்டது. தூரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல், ஏதோ நோயாளியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். நீ படிக்குக் கீழே நின்றாய். உன் முகத்தில் அதுவரைக்கும் இருந்த சிரிப்பு முழுக்கப் போகவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் பாதியில் நின்றது. உன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வருடம் கிழவனை எப்போது எரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

இனித்தான் நான் சொல்ல வந்தது. வியாழக்கிழமை சாமான் கட்டினோம். டோன் பெப்பே பொல்லை ஊன்றிக்கொண்டு கதவடியில் நின்று, "நாங்கள் உனக்கு என்ன செய்துவிட்டோம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் உன் அறைக்குள் போய் உன் பள்ளிக்கூடப் பையை எடுத்து அடுக்கினேன். உன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கம் திறந்தது. உன் கையெழுத்து. நாலைந்து தரம் எழுதி வெட்டி, கடைசியில் ஒழுங்காக எழுதி, பக்கத்தில் இரண்டு செருப்பின் படமும் கீறியிருந்தாய். வாசிக்கிற அளவுக்கு எனக்கு இத்தாலியன் தெரியும். முதலில் "என் அப்பாவுக்கு" என்று எழுதி, அதை வெட்டிவிட்டு, "நம்முடைய தமிழனுக்கு" என்று மாற்றியிருந்தாய். தூரி படியில் நின்று வாசித்தது நீ எழுதிக் கொடுத்த இந்த வரிகளைத்தான்: "அவன் சப்பாத்தைக் கழற்றாத வாசல் இந்த ஊரில் இல்லை. மருந்துக்கடையில் கழற்றுவான், தபால் கந்தோரில் கழற்றுவான், தேவாலயத்தில் கழற்றுவான்; ஊர் நாய்கள் எல்லாம் அவனுடைய சப்பாத்தில் பல் முளைத்தவை. ஆகையால் என் செருப்பு இரண்டையும் அவனுக்கு விடுகிறேன். தனக்குப் பிடித்த ஒரு வாசலில் கழற்றி வைத்துவிட்டு, அவன் இங்கேயே இருந்துவிடட்டும்."

இதுதான் நீ எழுதியது. நான் ஒரு சொல்லையும் மறக்கவில்லை. கட்டிலில் இருந்து அதை இரண்டு தரம் வாசித்தேன். செருப்பு எறிந்த கை அப்போதே எரியத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் வெளியே போய், டோன் பெப்பேயிடம் "பிழை என்னுடையது" என்று இரண்டு சொல் சொல்லி, தூரியின் சலூனுக்கு நடந்து போயிருந்தால் உன் வாழ்க்கை வேறு. சலூன் ஐம்பது மீற்றர் தூரம். நான் போகவில்லை. கொப்பியை இருந்த இடத்திலேயே வைத்துப் பையைப் பூட்டினேன். ஊர் முழுக்கச் சொல்லியாயிற்றே போகிறோம் என்று, இனி எந்த முகத்தோடு இருப்பது என்று நினைத்தேன். மானம் மானம் என்று நான் கட்டிக்கொண்டு திரிந்தது இவ்வளவுதான், தம்பி. பதினொரு வயதுப் பிள்ளை சரி, நான் பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்ற பயம்.

அடுத்த நாள் ஏழு மணி பஸ்ஸில் மலையை விட்டு இறங்கினோம். அம்மா முன் சீற்றில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். மூன்றாவது வளைவில் நீ என் கையைத் தொட்டு, மெதுவாகக் கேட்டாய்.

"அப்பா, என்னாலையோ போறம்?"

எனக்குத் தெரியும். ஏன் கேட்கிறாய் என்று தெரியும், எதை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு கேட்கிறாய் என்றும் தெரியும். "வாயை மூடிக்கொண்டு இரு" என்றேன். நீ மூடினாய். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை நீ. பதினேழு வருடமாக மூடிக்கொண்டே இருக்கிறாய். உன்னால் இல்லை, தம்பி. நான்தான் காரணம். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறேன், இதற்கு என்ன பெறுமதி என்று எனக்கே தெரியாது.

இதிலும் கேவலமான ஒன்று இருக்கிறது. நாங்கள் பலெர்மோவில் வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் அந்த நாலாம் மாடி வீட்டில் இருந்தபோது, ஒரு மாதம் கழித்துத் தூரி எங்களைத் தேடி வந்தான். கையில் ரிக்கோத்தாப் பாற்கட்டி. மூக்கில் இன்னும் தழும்பு. நான் அவனை உள்ளே கூப்பிடவில்லை. படியில் வைத்தே கதைத்தேன், வீட்டுக்கு வந்த மனிதனுக்கு ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "இருபது வருடமாக உயில் எழுதுகிறேன். எங்கள் ஆள் இல்லாத ஒருவனின் பெயரை நான் ஒருநாளும் சேர்த்ததில்லை. பலெர்மோவில் இருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து முன் வரிசையில் இருந்தார், அவருக்குக் கூட ஒரு வரி கிடையாது. உன்னைப் பற்றிய வரியை நான்தான் எழுதினேன். பிழை என்றால் என்னுடைய பிழை. என்னோடு கோபி, ஊரோடு கோபிக்காதே." அவன் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற ஒரு பிற மனிதன் என் வாசலில் நின்று பொய் சொன்னான். நான் உண்மையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, தலையை ஆட்டி அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டேன். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய், கீழே உன் நீலச் சொக்ஸ் எனக்குத் தெரிந்தது. உனக்குப் பதிலாகத் தூரி பழி ஏற்றுக்கொண்டான், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நீ அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பாவுக்கு எல்லாம் தெரியும்.

பிறகு நீ செய்து காட்டுவதை விட்டுவிட்டாய். பலெர்மோவில் மீன் விற்கிறவர்கள் குறைவா? பலாரோச் சந்தையில் நடந்தால் காது அடைக்கும். ஒருவனைக்கூட நீ கூவிக் காட்டவில்லை. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு பிறந்தநாள் சாப்பாட்டில் பாலன் மாமா, "மருமோன், அந்தப் பாதிரியார் இருமுறதை ஒருக்காச் செய்து காட்டு" என்று கேட்டார். நீ முதலில் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "எனக்கு உதெல்லாம் வராது மாமா" என்றாய். மேசையில் இருந்தவர்கள், நல்ல அமைதியான பிள்ளை, வளர்த்தால் இப்படி வளர்க்க வேணும் என்றார்கள். நான் நிமிர்ந்து இருந்தேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அம்மா சொன்னாள்: "அவன் அமைதி இல்லை. உங்களுக்குப் பயந்து இருக்கிறான்." எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வருவது கோபம்தான், அது உனக்குத் தெரியும்.

நீ தாதிப் படிப்புப் படித்தாய். வேலைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் இருக்க, அந்த மலை ஊர் முதியோர் வீட்டுக்கு எழுதிப் போட்டாய். நான் காரணம் கேட்கவில்லை. நாலு வருடம் ஆகிறது. அம்மா மாதம் ஒருதரம் புட்டும் கறியும் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். நான் "வாசலை ஆர் பார்க்கிறது?" என்று கேட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறேன். இந்த வாசலைக் களவெடுத்துக்கொண்டு போக ஒருவரும் வரப்போவதில்லை. அம்மா திரும்பி வந்து, தூரி கேட்டவன், பேக்கரிக்காரன் கேட்டவன், எல்லாரும் உங்களைச் சுகம் விசாரிச்சவை என்று சொல்லுவாள். செருப்பால் அடிவாங்கிய மனிதன் சுகம் விசாரிக்கிறான், அடித்தவன் ஒளித்திருக்கிறான்.

அப்பாமார் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் அவ்வளவு இல்லை. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும். அவர்கள் எதையாவது கேட்டால், பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், தெரிந்தால் எவ்வளவு வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடு. பிழை விட்டால் அன்றைக்கே போ. ஐம்பது மீற்றர் தூரம் ஒரு கிழமையில் ஐம்பது மைல் ஆகிவிடும், பிறகு கால் வராது. உன்னைப் பார்த்து ஊர் சிரித்தால், யார் சிரிக்கிறார்கள் என்று முதலில் முகத்தைப் பார். நான் அன்று ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதலில் உன் முகத்தைத்தான் கண்டிருப்பேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அப்பா என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். அந்த ஊரில் நகைச்சுவையாக எழுதத் தெரிந்தவர்கள் வேறு இருக்கலாம். ஆனால் ஒரு மனிதனின் குறையைச் சொல்லி, சொல்லி முடிக்கும்போது அவனை இங்கேயே இரு என்று சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும்? உனக்குப் பதினொரு வயதிலேயே தெரிந்திருந்தது. அதை நான் அடித்து அமத்தி வைத்தேன். தூரியின் கை நடுங்குகிறதென்றால் அவன் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கலாம். உன்னைக் கேட்டிருக்கிறான். அவன் அந்த வரியை மறக்கவில்லை என்று அர்த்தம்.

நடுவில் எழுந்து போய் வந்தேன். கட்டட நிர்வாகிக்குத் தொலைபேசி எடுத்து, கார்னெவாலேச் செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு வேண்டும் என்று கேட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தரம் என்பதால் மனிதர் பயந்துபோய், யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டார். பிறகு ஒரு கடதாசியில் செவ்வாய்க்கிழமை வாசலில் ஆள் இருக்காது என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். மூன்றாம் மாடிச் சிஞ்ஞோரா வாசித்துவிட்டு, எங்கே போகிறாய் என்று கேட்டாள். மகன் ஒன்று எழுதுகிறான், அதை ஊரார் முன்னால் வாசிப்பார்கள், கேட்கப் போகிறேன் என்றேன். "உன் மகன் எழுத்தாளனா?" என்றாள். "சின்ன வயதில் எழுதினவன் சிஞ்ஞோரா, நான்தான் நிற்பாட்டிப் போட்டேன்" என்றேன். அவளுக்கு என்ன விளங்கியதோ, லிஃப்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

நீ இன்னும் தூரிக்கு ஓம் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லு. அப்பாவுக்குப் பயந்து நிறுத்தியதை அப்பாவே கேட்கிறேன், எழுது. யாரையும் விடாதே, என்னையும் விடாதே. ஊரை விட்டு ஓடினவன், பதினேழு வருடம் ஒளித்திருந்தவன், மகன் கேட்டதற்குக் குளிரைப் பற்றிக் கதைத்தவன், எல்லாவற்றையும் போடு, குறைத்துப் போடாதே. அம்மாவோடு காலை பஸ்ஸில் வருவேன். சனத்துக்குப் பின்னால் நிற்க மாட்டேன். வாசித்து முடியும்வரை என் பெயர் வராவிட்டால், நானூறு பேருக்கு நடுவில் நின்று, என்னை ஏன் விட்டனீ என்று உரத்துக் கேட்பேன்.

அப்பா